பாண்டோமைம் பசுவுக்கு எடை குறைந்த தலை செய்ய வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் நான் வசிக்கும் சிற்றூரின் பொழுதுபோக்கு நாடகக் குழு, வரும் ஜனவரியில் ‘ஜாக்கும் அவரைக்கொடியும்’ கதையைப் பாண்டோமைமாக, அதாவது பாட்டும் வேடிக்கையும் கலந்த குடும்ப நாடகமாக, மேடையேற்றவிருக்கிறது. தாயாக ஆணும் ஜாக்காகப் பெண்ணும் வேடமிடுவது இம்மரபின் வழக்கம். ஒரே தோலுக்குள் இருவர் புகுந்து ஆடும் பசுவும் அப்படித்தான். அந்தப் பசுவின் முன்கால்கள் நான். (பின்கால்களாக வருபவர் என் இடுப்பைப் பிடித்துக் குனிந்தே நடக்க வேண்டும் என்பதால், என் பாடு எவ்வளவோ மேல்.) கம்பிவலைமேல் காகிதக்கூழ் பூசி நாங்கள் செய்த தலை, இரண்டாம் ஒத்திகையிலேயே என் கழுத்தை ஒடித்துவிட்டது, பார்ப்பதற்காக விட்ட துளையும் மூக்குக்கு நேராக அமைந்துவிட்டது. பொய்க்கால் குதிரைக் கூடு செய்து பழகியவர்கள் இதைப் படிப்பவர்களில் இருந்தால், எடை குறைய எதைக் கொண்டு சட்டம் கட்டுவீர்கள், பாரத்தைத் தோளில் எப்படித் தாங்கச் செய்வீர்கள் என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள். மூங்கில் குச்சிகள் இங்குத் தோட்டக் கடைகளில் கிடைக்கின்றன.