உப்பளக்கும் கருவி: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

அலைமகன்

கடல்மீன் தொட்டியின் உப்பை நீரின் அடர்த்தியை வைத்துச் சொல்லும் கருவி, பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஊசி ஏறி இறங்குமே, அந்த ஹைட்ரோமீட்டர். நண்பர் ஒருவரின் தொட்டியில் இறால் ஒன்று பாறையடியில் சாய்ந்து கிடந்தது. "உப்பு சரியாகத்தான் இருக்கிறது, 1.026" என்று அவர் அடித்துச் சொன்னார். நன்னீரைப்போல் 1.026 மடங்கு அடர்த்தி என்று பொருள். பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஊசியின் அடிப்பக்கத்தில் கடுகளவு காற்றுக்குமிழிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. விரலால் தட்டினேன். குமிழிகள் கழன்று மேலே போக, ஊசி தயங்கித் தயங்கி 1.022-க்கு இறங்கியது. ஊசியைத் தூக்கிப் பிடித்திருந்தது உப்பல்ல, காற்று! அதை நம்பி அவர் நன்னீர் ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறார். மீன்கள் தாங்கிவிட்டன. உடலுக்குள் உப்பைச் சமன்படுத்தும் திறன் மீனுக்கு இருக்கும் அளவு இறாலுக்கு இல்லை, அது பிழைக்கவில்லை. அந்த ஊசி இறங்கிய விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தயவுசெய்து எல்லோரும், ஒரு சொட்டு நீரில் ஒளி வளையும் அளவைக் கொண்டு உப்பைச் சொல்லும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள்.

பவளக்கொடி

அலைமகன், ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினால் கவலை தீர்ந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் குழுவில் ஒருவர் புதிதாக ஒன்று கொண்டுவந்தார். காய்ச்சி வடித்த நீரில் சரியாகப் பூச்சியம் காட்டியது. அதே கண்ணாடியைத் துடைத்துவிட்டு, 35 (ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு) என்று அளவிட்ட, கருவியைச் சரிபார்க்கும் திருத்தக் கரைசலிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு 36-ஐத் தாண்டி நின்றது. அவர் நம்பவில்லை. வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார், மறுபடி துடைத்தார், புதிதாகச் சொட்டு விட்டார். கோடு அசையவில்லை.

காரணம் இதுதான்: மலிவாகக் கிடைப்பவற்றில் பல, வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்காகச் செய்யப்பட்டவை. கடல்நீரில் மெக்னீசியமும் சல்பேட்டும் இருப்பதால் ஒளி சற்றுக் கூடுதலாக வளைகிறது. ஆகவே 35 உள்ள கடல்நீரை அவை ஏறத்தாழ 36.5 என்று காட்டும். பூச்சியத்தில் திருத்துவது இதைப் பிடிக்காது. நாம் அளக்கப்போகும் இடம் 35; திருத்தமும் அங்கேயே நடக்கவேண்டும்.

ஆழிநேசன்

என்னை உறுத்துவது கண்ணாடி ஹைட்ரோமீட்டர். நீளமான, நல்ல கருவி. ஒருவர் தொட்டி நீரில் அதை மிதக்கவிட்டு, 1.024 என்று படித்து, உப்பு குறைவு என்று உப்பு வாளியைத் தூக்கிவிட்டார். கருவியின் தண்டில் 15.6 டிகிரி என்று அச்சிட்டிருந்தது; அந்த வெப்பத்தில்தான் அது சரியாகக் காட்டும். தொட்டி நீரோ 25 டிகிரி. சூடான நீர் அடர்த்தி குறைந்தது, அந்த 1.024 உண்மையில் 35-ஐ ஒட்டியதுதான். வாளியைக் கீழே வைக்கச் சொன்னேன்.

இனி, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். பவளக்கொடி சொன்ன திருத்தக் கரைசலை ரிஃப்ராக்டோமீட்டருக்கு வீட்டிலேயே செய்யலாம். 36.5 கிராம் சமையல் உப்பு, 963.5 கிராம் காய்ச்சி வடித்த நீர். இரண்டையும் எடைதான் போடவேண்டும், கரண்டியால் அளக்கக்கூடாது. உப்பு ஈரம் பிடித்திருந்தால் எடை பொய் சொல்லும்; உலர்ந்ததை எடுங்கள். முழுதும் கரைந்து அறை வெப்பத்துக்கு வந்தபின் சொட்டு விட்டு, கோடு 35-இல் நிற்கும்படி திருகைத் திருப்புங்கள். சொட்டு விட்டதும் படிக்காதீர்கள். கருவியும் நீரும் ஒரே வெப்பத்துக்கு வர அரை நிமிடம் கொடுங்கள். இந்தக் கரைசல் ஒளியை வளைக்கும் அளவில் மட்டுமே கடல்நீருக்கு ஈடு. நீரில் மின்சாரம் பாயும் அளவைக் கொண்டு உப்பைச் சொல்லும் மின்கடத்து மானிக்கு இதைப் பயன்படுத்தவேண்டாம். அதற்கு, மின்கடத்தும் அளவு 53 மில்லிசீமன்ஸ் என்று குறித்த கரைசலைத் தனியாக வாங்குங்கள். ஹைட்ரோமீட்டருக்கும் இது பொருந்தாது.

நீலத்திரை

மின்கடத்து மானியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே, ஆழிநேசன். நான் பார்த்தது அதில்தான். தொட்டியில் தொங்கவிட்டிருந்த மானி 31 என்றது. ரிஃப்ராக்டோமீட்டர் 35 என்றது. மானியை நீருக்குள்ளேயே ஓங்கிக் குலுக்கினேன். முனைத் துவாரத்திலிருந்து ஒரே ஒரு குமிழி வெளியேறியது. எண் 32, 34 என்று ஏறி 35-இல் நின்றது. அலைமகனின் குமிழி அளவைக் கூட்டிக் காட்டியது, இது குறைத்துக் காட்டியது. 31-ஐ நம்பி உப்பைக் கொட்டியிருந்தால் பவளங்களின் கதி என்ன? திருத்திய பிறகு மின்கடத்து மானிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணால் கோட்டைத் தேடும் வேலை இல்லை. ஆனால் வேறு வகைக் கருவி ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

கடல்வாசி

ஆழிநேசன், கரைசலை எப்படி வைத்திருப்பது என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். எனக்குத் தெரிந்தவரின் புட்டியில் மூடி சரியாக இறுகவில்லை. மூடியின் மறைக்குள் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. நீர் ஆவியாகி உப்பு தங்கிவிட்டதால் அது 35 அல்ல, அதற்கும் மேலே. அதை 35 என்று வைத்துத் தன் மூன்று ரிஃப்ராக்டோமீட்டர்களையும் திருத்தியிருந்தார். மூன்றும் ஒன்றுக்கொன்று அழகாக ஒத்துப்போயின, தொட்டியில் உப்பு கூடிக்கொண்டே போனது. புட்டியில் திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். மறையில் உப்பு தெரிந்தால் அன்றே கொட்டிவிடுங்கள்.