உற்பத்தி ஏறுகிறது, ஆள் குறைகிறது: பழியை இயந்திரத்தின் மேல் போடலாமா?

புள்ளிக்கோலம் (கேள்வி)

ஒரு தொழில்துறையின் பத்தாண்டுத் தரவை வைத்துக் கட்டுரை எழுதுகிறேன். ஆண்டுச் சராசரியில் உற்பத்தி 6% ஏறியிருக்கிறது, மூலதனம் 8% ஏறியிருக்கிறது, ஆட்கள் 1% குறைந்திருக்கிறார்கள். இந்த வளர்ச்சியில் தொழில்நுட்பத்தின் பங்கை எப்படிப் பிரித்தெடுப்பது? ஆள் குறைந்ததற்கும் அதுவே காரணம் என்று எழுதிவிடலாமா? இன்னொன்று: கணினி பரவிய காலத்தில் உற்பத்தித்திறன் ஏறவே இல்லை என்கிறார்களே, அது எப்படி?

மீதிக்கணக்கு (பதில்)

முதல் கேள்விக்கு நேரான கணக்கு உண்டு. மூலதன வளர்ச்சியை வருமானத்தில் மூலதனத்துக்குப் போகும் பங்கால் பெருக்குங்கள். உழைப்பையும் அதன் பங்கால் பெருக்குங்கள். இரண்டையும் உற்பத்தி வளர்ச்சியிலிருந்து கழியுங்கள். மூலதனப் பங்கு 0.4 என்று வைத்தால் மூலதனம் தந்தது 3.2, உழைப்பு தந்தது மைனஸ் 0.6, ஆக 2.6. ஆறில் அது போக 3.4 மிஞ்சுகிறது. இதுதான் மொத்தக் காரணி உற்பத்தித்திறன். பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1957-இல் அமெரிக்காவின் 1909–1949 கணக்கை இப்படிப் போட்டபோது, ஒரு மணி நேர உழைப்புக்கான உற்பத்தி ஏற்றத்தில் எட்டில் ஏழு பங்கு இந்த மீதியில்தான் வந்து விழுந்தது.

ஆனால் மீதிக்குத் 'தொழில்நுட்பம்' என்று பெயர் ஒட்டிவிடாதீர்கள், கட்டுரையைப் படிப்பவர் முதலில் அங்கேதான் பிடிப்பார். அளவெடுப்பில் விட்ட பிழையெல்லாம் வந்து சேரும் இடம் அது. தலைகளை எண்ணாமல் வேலை மணிகளை எண்ணுங்கள். ஆள் 1% குறைந்தும் ஓவர்டைமால் மணிகள் 0.5% கூடியிருந்தால், உழைப்பின் பங்களிப்பு பிளஸ் 0.3 ஆகி, மீதி 3.4-இலிருந்து 2.5-க்கு இறங்கிவிடும். தொடக்க ஆண்டு மந்தமான ஆண்டா என்றும் பாருங்கள். பாதி ஓய்ந்து கிடந்த இயந்திரங்கள் மறுபடி ஓடினாலே மீதி ஊதிப்போகும், அதில் புதுமை எதுவும் இல்லை. சுயதொழில் செய்பவர்கள் நிறைந்த துறையென்றால் அவர்களின் உழைப்பு வருமானம் லாபமாகப் பதிவாகி மூலதனப் பங்கைப் பெருக்கிக் காட்டும். மூலதனம், உழைப்பு இரண்டை மட்டும் வைத்துக் கணக்கிடுவதால், மொத்த விற்பனையை எடுக்காமல் நிலையான விலையில் (விலையேற்றத்தை நீக்கி) கூட்டு மதிப்பை, அதாவது விற்பனையிலிருந்து மூலப்பொருள் போன்ற வாங்கிய பொருள்களின் செலவைக் கழித்த தொகையை, எடுக்க வேண்டும்.

நெகிழ்ச்சி (பதில்)

வேலை பற்றிய கேள்விக்கு அந்த மீதி உதவாது. அதற்கு மூன்று எண்கள் வேண்டும்: ஒரு அலகுக்கான உழைப்பு எவ்வளவு குறைந்தது, செலவில் கூலியின் பங்கு எவ்வளவு, விலை குறைந்தால் தேவை எவ்வளவு கூடும்.

புதிய இயந்திரத்தால் ஒரு அலகுக்கான உழைப்பு பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். தேவை நெகிழ்ச்சி, அதாவது விலை 1% குறைந்தால் தேவை எத்தனை சதவீதம் கூடும் என்பது, 1.5. செலவு முழுக்கக் கூலியே என்றால் விலையும் பாதியாகும், விற்பனை 2.83 மடங்காகும், வேலை 41% கூடும். பாடப்புத்தகம் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறது. கூலி செலவில் 30% மட்டும் என்றால் விலை 15%தான் இறங்கும், விற்பனை 1.28 மடங்குதான் ஆகும், அந்தத் துறையில் வேலை 36% சரியும். அதே நெகிழ்ச்சி, அதே இயந்திரம்! ஆனால் மூலப்பொருள் தருபவர்கள் 28% கூடுதலாக விற்கிறார்கள், ஆள் தேவை அங்கே ஏறும். உங்கள் தரவு ஒரே துறையோடு நின்றால் இழப்பு மட்டும்தான் கண்ணில் படும்.

ஏடிஎம் இதற்கு நல்ல உதாரணம். பொருளியலாளர் ஜேம்ஸ் பெசன் காட்டிய கணக்கின்படி, அமெரிக்க நகரக் கிளை ஒன்றுக்குச் சராசரிக் காசாளர்கள் 1988-இல் 20, 2004-இல் 13. கிளை நடத்தும் செலவு இறங்கியதால் நகரக் கிளைகள் 43% கூடின, மொத்தக் காசாளர் எண்ணிக்கை சரியவில்லை. இதைச் சொல்லி ஆறுதல் தேடுபவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். கைபேசி வங்கிச்சேவை வந்தபின் கிளையே தேவைப்படாமல் போய், காசாளர் வேலைகள் குறையத்தான் செய்தன.

பெல்ட்டும் தண்டும் (பதில்)

கணினிக் கேள்விக்கு: மின்சாரத்துக்கும் இதேதான் நடந்தது. எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கில் 1882-இல் ஓடத் தொடங்கியது. 1900 வாக்கில்கூட அமெரிக்க ஆலைகளின் இயக்கு சக்தியில் மின் மோட்டாரின் பங்கு 5 சதவீதத்தைத் தாண்டவில்லை. பாதியைத் தொட 1920 ஆனது. பொருளியல் வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990-இல் இதைக் கணினியோடு ஒப்பிட்டு எழுதினார்.

தாமதத்துக்குக் காரணம் ஆலையின் அமைப்பு. ஒரே நீராவி இயந்திரம், கூரையை ஒட்டி ஓடும் நீண்ட இரும்புத் தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இறங்கும் தோல் பெல்ட். முதலில் நீராவி இயந்திரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெரிய மோட்டாரை வைத்தார்கள். தண்டு அப்படியே இருந்தது, மிச்சமானது எரிபொருள் மட்டும். இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று வந்த பிறகுதான் தண்டு போனது. தண்டுக்கு அருகே நெருக்காமல் வேலை நகரும் வரிசையில் இயந்திரங்களை வைக்க முடிந்தது, ஒன்று பழுதானால் மற்றவை நிற்கவில்லை, பல மாடிக் கட்டடமும் தேவையற்றுப் போனது. அமெரிக்க ஆலைகளின் உற்பத்தித்திறன் 1920-களில் பாய்ந்தது.

தரவில் இது எப்படித் தெரியும் என்றால், பயிற்சிக்கும் வேலைமுறை மாற்றத்துக்கும் ஆகும் செலவு முதலீடாகப் பதிவாகாமல் அன்றாடச் செலவாகவே பதிவாகும். அதனால் முதல் சில ஆண்டுகளில் மீதி உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், பிறகு கூடுதலாகத் தெரியும். உங்கள் பத்தாண்டு அந்தச் சுற்றில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள்.

புள்ளிக்கோலம்

மிக்க நன்றி. நெகிழ்ச்சி அவர்களே, விலை இறங்காமல் அந்த 15% முழுவதும் லாபமாக நின்றால்?

நெகிழ்ச்சி

விற்பனை நகராது, வேலை நேரே பாதியாகும். பிறகு அந்த லாபம் எங்கே செலவாகிறது என்பதைப் பொறுத்தது, அதற்குக் காலம் பிடிக்கும். பொருளியல் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆலனின் கணக்கில் பிரிட்டனில் 1780-இலிருந்து 1840-க்குள் ஒரு தொழிலாளிக்கான உற்பத்தி 46% ஏறியது, உண்மைக் கூலி (விலைவாசி ஏற்றத்தை நீக்கிப் பார்த்த கூலி) 12%தான். எனவே விலைக் குறியீட்டை விட்டுவிடாதீர்கள். துறையின் விற்பனை விலையைப் பொதுப் பணவீக்கத்தால் வகுத்துக்கொண்டு, அலகுச் செலவு இறங்கிய அளவோடு ஆண்டுவாரியாக ஒப்பிடுங்கள். செலவு 15% இறங்கி விலை 3% மட்டும் இறங்கியிருந்தால், இயந்திரத்தைப் பற்றி எழுதும் முன் துறையில் போட்டி எவ்வளவு இருக்கிறது என்று எழுதுங்கள்.