அம்மாவுக்கு மூன்று சேனல் போதும், தொகுப்பு எதற்கு?

பழைய ஆன்டெனா:
எங்கள் வீட்டில் டிவி பார்ப்பவர் அம்மா மட்டும்தான். மாலையில் இரண்டு தொடர்கள், ஒரு சமையல் நிகழ்ச்சி. எல்லாமாகச் சேர்த்து மூன்று கட்டணச் சேனல்கள். "அவற்றை மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள்" என்று கேபிள்காரரிடம் சொன்னேன். "தனித்தனியாக எடுத்தால் கூடுதலாகத்தான் வரும் சார், பேக்கேஜே இருக்கட்டும்" என்றார். 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை வந்தபோது, பார்க்கும் சேனலுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும் என்றுதானே சொன்னார்கள்? அந்த உரிமை எங்கே போயிற்று?

கம்பத்தடி:
நான் கேபிள் தொழிலில் இருப்பவன். உங்கள் கேபிள்காரர் பொய் சொல்லவில்லை. அந்த முறை வந்தபோது 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாயாக இருந்தது, வரியோடு 153 ரூபாய் 40 காசு. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் அந்த 130-ல் 55 சதவீதம் மேலே இருக்கும் பெரிய கேபிள் நிறுவனத்துக்கு, 45 சதவீதம் எங்களுக்கு. அதாவது 58 ரூபாய் 50 காசு. கரும்பு லாரி வயரை இழுத்துக்கொண்டு போனால் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அந்தக் காசில்தான். கட்டணச் சேனலின் விலையை முடிவு செய்வது ஒளிபரப்பு நிறுவனம். திட்டு மட்டும் எங்களுக்கு.

கடைவீதி:
இதில் உரிமைப் பிரச்சினை எங்கே வந்தது? ஓட்டலில் முழுச் சாப்பாடு வாங்கும்போது பாயசம் வேண்டாம் என்பதற்காக விலையைக் குறைக்கச் சொல்வீர்களா? கோடிகளைக் கொட்டிக் கிரிக்கெட் உரிமை வாங்குகிறவன், தொடர் எடுக்கிறவன், தன் சரக்குக்குத் தானே விலை வைக்கிறான். பிடிக்காவிட்டால் வாங்காதீர்கள். இன்னொன்று: தொகுப்பில் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் குறைந்த பேர் பார்க்கும் சேனல்கள் பிழைத்திருக்கின்றன. எல்லோரும் மூன்று மூன்றாகப் பொறுக்கி எடுத்தால் அவை ஆறு மாதத்தில் மூடப்படும்.

பழைய ஆன்டெனா:
ஓட்டல் கணக்கே பேசுவோம். நான் பாயசத்துக்குத் தள்ளுபடி கேட்கவில்லை. சோறும் சாம்பாரும் மட்டும் போடுங்கள் என்கிறேன். அதற்கு முழுச் சாப்பாட்டைவிட அதிகப் பணம் கேட்கிறார்கள். இதோ கணக்கு. ஒரு நிறுவனத்தின் ஐந்து சேனல்கள், ஒவ்வொன்றும் 19 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகச் சேர்த்தால் 95. 2022 நவம்பர் திருத்தத்தின்படி தொகுப்புக்கு 45 சதவீதம் வரை தள்ளுபடி தரலாம். எனவே ஐந்தும் சேர்ந்து 52 ரூபாய் 25 காசு. அம்மாவுக்கு வேண்டிய மூன்றை மட்டும் வாங்கினால் 57! குறைவாக வாங்குகிறவன் அதிகம் கொடுக்க வேண்டும். எந்த மளிகைக் கடையிலாவது இப்படி நடக்குமா?

மூன்றாம் பெஞ்சு:
"தன் சரக்கு, தன் விலை" என்ற வாதத்தை வழக்காடிப் பார்த்துவிட்டார்கள், கடைவீதி. ஸ்டார் இந்தியாவும் விஜய் டெலிவிஷனும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. நிகழ்ச்சிகள் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வருபவை, அவற்றின் விலையில் தலையிட டிராய்க்கு அதிகாரம் இல்லை என்பது அவர்கள் வாதம். 2018 மார்ச்சில் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். மூன்றாவது நீதிபதி டிராய் பக்கம் நின்றார். அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று உச்ச நீதிமன்றமும் டிராய்க்கு அதிகாரம் உண்டு என்றது.

ஆனால் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க மறந்த இடம் ஒன்று இருக்கிறது. தொகுப்புத் தள்ளுபடி 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று டிராய் போட்டிருந்த வரம்பு மட்டும் அந்த வழக்கில் அடிபட்டுப் போனது. அது நின்றிருந்தால் பழைய ஆன்டெனாவின் ஐந்து சேனல் தொகுப்பு 80 ரூபாய் 75 காசுக்குக் கீழே போயிருக்காது. மூன்று சேனலை 57-க்கு எடுப்பது லாபமாக இருந்திருக்கும்.

கடைவீதி:
அதாவது தொகுப்பின் விலை ஏறியிருக்கும். அதைத்தான் நுகர்வோர் வெற்றி என்கிறீர்களா? ஐந்தையும் பார்க்கும் குடும்பம் என்ன பாவம் செய்தது?

மூன்றாம் பெஞ்சு:
நியாயமான கேள்வி. தொகுப்பை ஏற்றாமல் தனி விலையை இறக்கலாமே என்பது என் பதில். 2020-ல் தொகுப்புக்குள் வரும் சேனலுக்கு 19 ரூபாயாக இருந்த உச்சவிலையை டிராய் 12 ரூபாயாகக் குறைக்கப் பார்த்தது. நிறுவனங்கள் மறுபடி நீதிமன்றம் போயின. 2022-ல் மீண்டும் 19 ஆயிற்று.

கம்பத்தடி:
அதற்குப் பிறகு 2023 பிப்ரவரியில் நடந்ததையும் சொல்லுங்கள். புதிய விலைக்குக் கையெழுத்துப் போடாத கேபிள் நிறுவனங்களுக்குப் பெரிய ஒளிபரப்பாளர்கள் சிக்னலையே நிறுத்தினார்கள். இரண்டு யானைகள் முட்டிக்கொண்டன. ரிமோட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது யாரோ ஒரு பாட்டி. 2024 ஜூலையில் அடிப்படைக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பையும் டிராய் எடுத்துவிட்டது.

பழைய ஆன்டெனா, கேபிள்காரரோடு சண்டை வேண்டாம். ஒவ்வொரு சேனலாக எடுக்க அவர் மறுக்க முடியாது. தனி விலைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அம்மாவின் மூன்றும் 19 ரூபாய்ச் சேனல்தானா என்று முதலில் பாருங்கள்.

பழைய ஆன்டெனா:
பட்டியல் வாங்கிவிட்டேன். இரண்டுதான் 19, ஒன்று மலிவு. தனித்தனியாக மாற்றியதில் மாதம் ஏழு ரூபாய் மிச்சம். கடைவீதி, நீங்கள் சிரிப்பதற்கு ஒன்று சொல்கிறேன். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அம்மா என்னை எழுப்பி, "சுப்ரபாதம் போடுகிற சேனல் எங்கேடா?" என்று கேட்டார். அது அந்தத் தொகுப்பில்தான் இருந்ததாம்.