பப்பாளி மாவுப்பூச்சிக்கு ஒட்டுண்ணி விட்ட காலம்: உங்கள் வயலில் என்ன நடந்தது?

நாமக்கல் மரவள்ளி:
பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் பிடித்து, குருத்தெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்த அந்தக் காலத்தை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2010-க்குப் பின் ஒட்டுண்ணி எங்கள் ஊருக்கு வந்தபோது, வேளாண் அறிவியல் நிலையத்திலிருந்து வந்தவர் ஒரு சிறு குப்பியை என் சித்தப்பாவிடம் நீட்டினார். மாற்றி மாற்றி மருந்தடித்தே கடனாளியாகியிருந்த சித்தப்பா அதை வெயிலில் தூக்கிப் பார்த்து, "உள்ளே ஒன்றுமே இல்லையே, சார்" என்றார். வந்தவர் முகம் சுளிக்காமல் ஒரு லென்ஸைக் கொடுத்து, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தக் குளவி ஊர்வதைக் காட்டி, அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும் விதத்தைச் சொல்லி, இனி மருந்தடித்தால் முதலில் சாவது இதுதான் என்று எடுத்துரைத்தார். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து, பெங்களூரு ஆய்வகத்தில் சோதித்து, முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து அதன்மேல் பெருக்கிய ஒட்டுண்ணி அது. அவ்வளவு உழைப்பையும் சித்தப்பா நம்பியது அந்த லென்ஸைக் கண்ணில் வைத்த பிறகுதான்.

மல்பெரித் தோட்டம்:
நண்பர் சொல்வதைப் படித்தால் எல்லா ஊரிலும் அப்படித்தான் நடந்தது என்று தோன்றும். எங்களுக்கு லென்ஸும் வரவில்லை, ஆளும் வரவில்லை; ஒரு துண்டறிக்கைதான் வந்தது. அதில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற அந்தக் குளவியின் அறிவியல் பெயர் பெரிய எழுத்தில் இருந்ததே தவிர, மருந்தை எப்போது நிறுத்த வேண்டும், பூச்சி பிடித்த கிளையை வெட்டி எரிக்கலாமா கூடாதா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. மருந்துபட்ட இலையைப் பட்டுப்புழுவுக்குப் போட முடியாத எங்களுக்குத்தான் இந்த ஒட்டுண்ணி மற்றவர்களைவிட அதிகம் தேவைப்பட்டது. பக்கத்துத் தோட்டக்காரர் ஒட்டுண்ணி விட்ட கிளைகளையே வெட்டிக் குவித்துத் தீ வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முன்னாள் விரிவாக்கப் பணியாளர்:
நான் பார்த்தது வேறு. களையெடுக்க வந்த ஓர் அம்மா, பெரிய மாவுப்பூச்சி என்று எண்ணி, வெள்ளை மெழுகு போர்த்திய புழுக்களை ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டிருந்தார். அவை மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுக்கள். கூட்டத்துக்கு வந்தவர் நிலத்துக்காரர். செடியைத் தொடுபவரை எவரும் அழைக்கவில்லை.

இளைய அலுவலர்கள் இதைப் படித்தால் சில சொல்ல விரும்புகிறேன். கூட்டத்தை மண்டபத்தில் வைக்காமல் வரப்பில் வையுங்கள், கூலிக்கு வரும் பெண்கள் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து. நல்ல பூச்சியையும் கெட்ட பூச்சியையும் ஒரே இலையில் உயிரோடு காட்டுங்கள்; படம் போதாது. துண்டறிக்கையின் முதல் வரி, செய்யக் கூடாதது எது என்பதாக இருக்கட்டும். ஒட்டுண்ணி விட்ட வயலுக்குத் திரும்பப் போய், மாவுப்பூச்சியின் வெற்றுக்கூட்டில் குளவி வெளியேறிய துளையை விவசாயிக்குக் காட்டுங்கள். அதைப் பார்க்காதவர் பொறுமையிழந்து மறுபடியும் தெளிப்பானைத் தூக்குவார். எல்லாவற்றுக்கும் முன்னதாக, உள்ளூர் மருந்துக்கடைக்காரரிடம் போய்ப் பேசுங்கள், ஏனென்றால் வாடிய இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு விவசாயி முதலில் போய் நிற்பது அவர் கடையில்தான்.