மேலத்தெரு வீட்டுக் குழுவில் ஜார் மன்னர்

நிவேதா: கல்லூரியில் விவாதப் போட்டி. "இரண்டாம் நிக்கோலாஸ் எந்த முடிவை மாற்றியிருந்தால் ரஷ்ய அரியணை தப்பியிருக்கும்?" ஆளுக்கு மூன்று நிமிடம். பெரியப்பா, காப்பாற்றுங்கள் 🙏

முரளி மாமா: முதல் உலகப் போருக்கே போயிருக்கக் கூடாது. முடிந்தது. உட்கார்ந்துவிடலாம்.

அருண்: மாமா, இன்னும் இரண்டே முக்கால் நிமிடம் பாக்கி இருக்கிறது 😂

முரளி மாமா: சும்மா சொல்லவில்லை தம்பி. 1914 பிப்ரவரியில் டுர்னோவோ என்ற முன்னாள் உள்துறை அமைச்சர் எழுதியே கொடுத்தார். ஜெர்மனியோடு மோதித் தோற்றால் பழி முழுக்க அரசாங்கத்தின் தலையில் விழும், புரட்சியில்தான் போய் முடியும் என்று. அப்படியேதான் நடந்தது.

செல்வி அத்தை: காலை வணக்கம் 🌸 இப்போதுதான் பார்க்கிறேன். ரஸ்புடின் கதையா?

அருண்: அத்தை நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்கள்.

பெரியப்பா: மாப்பிள்ளை சொல்வது சரி. ஆனால் அந்தக் கோடையில் ஆஸ்திரியா தாக்கிய நட்பு நாடான செர்பியாவைக் கைவிட்டிருந்தால் அவருடைய ஆட்களே சும்மா விட்டிருக்க மாட்டார்கள். நிவேதா, நீ 1915 செப்டம்பரைப் பிடி. வார்சா விழுந்துவிட்டது, போலந்தே கையை விட்டுப் போய்விட்டது. தலைமைத் தளபதி கோமகன் நிக்கோலாயை நீக்கிவிட்டு, ஜார் தானே அந்தப் பதவியில் உட்கார்ந்தார். வேண்டாம் என்று அமைச்சர்கள் பலர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தார்கள். கேட்கவில்லை.

செல்வி அத்தை: அந்த நிக்கோலாய் இவருக்கு என்ன முறை அண்ணா?

பெரியப்பா: ஜாரின் தாத்தாவுடைய தம்பி மகன். சித்தப்பா முறை.

செல்வி அத்தை: சித்தப்பாவையே தூக்கிவிட்டாரா!

அருண்: ஆனால் அப்பா, அதற்குப் பிறகு படை ஒன்றும் மோசமாகிவிடவில்லையே. 1916ல் நம்ம ஜாரின் தளபதி புருசிலோவ் ஆஸ்திரியர்களை அடித்து நொறுக்கினாரே.

பெரியப்பா: நிஜ வேலையைப் பார்த்தவர் அலெக்ஸெயேவ் என்ற தளபதி. ஜார் இல்லாவிட்டாலும் அவர் பார்த்திருப்பார். விஷயம் வேறு. அதுவரை தோற்றால் தளபதியைத் திட்டினார்கள். அப்புறம் எந்தத் தோல்விக்கும் ஜார் பெயர்தான். அவரோ படைத் தலைமையகம் இருந்த மொகிலியோவில், தலைநகரிலிருந்து ஏறத்தாழ 700 கி.மீ. தள்ளி. தலைநகர் பெட்ரோகிராடில் அரசி வைத்ததுதான் சட்டம். 1916 தொடக்கத்திலிருந்து 1917 மார்ச் வரை நான்கு பிரதமர்கள்!

செல்வி அத்தை: அந்த அம்மாளும் பாவம்தான். பிள்ளைக்கு ரத்தம் உறையாத நோய். அதை ஊருக்குச் சொல்லாமல் மறைத்தார்கள். அதனால் அந்தச் சாமியார் ரஸ்புடின் ஏன் அரண்மனைக்கு வருகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை, வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். சொல்லியிருந்தால் பாதி வதந்தி அடங்கியிருக்கும்.

நிவேதா: அத்தை, சூப்பர் பாயிண்ட்! இதை எடுத்துக்கொள்கிறேன்.

முரளி மாமா: சரி மச்சான், தலைநகரிலேயே இருந்திருந்தால் மட்டும் என்ன செய்து கிழித்திருப்பார்?

பெரியப்பா: அதே செப்டம்பரில் டூமாவில், அதாவது ரஷ்ய நாடாளுமன்றத்தில், பெரும்பான்மை உறுப்பினர்கள் ஓரணியாகச் சேர்ந்து, நாடு நம்பக்கூடிய ஓர் அமைச்சரவை கேட்டார்கள். முடியாட்சி வேண்டாம் என்று கேட்கவில்லை. அதற்கு அவர் டூமாவையே ஒத்திவைத்தார். சரி என்று சொல்லி, சித்தப்பாவையும் இருந்த இடத்தில் விட்டிருந்தால், போரின் பழியைப் பங்குபோட ஆள் கிடைத்திருக்கும்.

அருண்: செய்திருக்க மாட்டார் அப்பா. தகப்பனாரிடம் வாங்கிய முழு அதிகாரத்தைக் குறையாமல் மகன் கையில் கொடுக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

அருண்: நிவி, இதையும் குறித்துக்கொள். 1917 மார்ச் 7 அன்று திரும்பவும் மொகிலியோவுக்குக் கிளம்பினார். மறுநாள் மகளிர் தினம். துணி ஆலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கிவிட்டார்கள். 12ஆம் தேதி தலைநகரில் இருந்த படையே கலகம். இவர் திரும்பி வந்த ரயில் ஊர் போய்ச் சேரவே இல்லை.

பெரியப்பா: ரயிலை ப்ஸ்கோவ் என்ற ஊருக்குத் திருப்பினார்கள். அங்கே 14ஆம் தேதி இரவு, டூமாவுக்குப் பதில் சொல்லும் அமைச்சரவைக்கே ஒப்புக்கொண்டார். 1915ல் கேட்டதைவிட அதிகம்! இனி அது போதாது என்று தலைநகரிலிருந்து பதில் வந்தது. அலெக்ஸெயேவ் போர்முனைத் தளபதிகளிடம் கருத்துக் கேட்டார். அரியணையை விட்டு விலகும்படி மண்டியிட்டு வேண்டுவதாகத் தந்தி அடித்தவர் யார் தெரியுமா செல்வி?

செல்வி அத்தை: ஐயோ, சித்தப்பாவா?!

பெரியப்பா: அவரேதான். காகசஸிலிருந்து.

முரளி மாமா: இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம்.

நிவேதா: அப்போ 1915 செப்டம்பர்தான் என் பக்கம். மாமா, டுர்னோவோ விஷயம் மட்டும் எதிரணிக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

முரளி மாமா: எதிரணியில் யார் பேசுகிறார்கள்? நம்பர் இருந்தால் அனுப்பு 😄