பைரமங்கலா தண்ணீரில் கீரை: மண்ணைத் திருத்தலாமா, பயிரையே நிறுத்தணுமா?

கெங்கேரிவாசி:
பிடதி பக்கம் பைரமங்கலா ஏரிப் பாசனத்துல என் மாமா 3 ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கீரையும் கத்தரியும் போடுறார். அந்த ஏரிக்கு வர்றது விருஷபாவதி. பெங்களூர் மேற்குப் பக்கத்துச் சாக்கடையும் பீன்யா தொழிற்பேட்டைப் பட்டறைகளோட கழிவும் சேர்ந்துதான் அந்த ஆறு. வயல்ல சுண்ணாம்பு போட்டா அந்தக் கழிவுல வர்ற காட்மியம்ங்கிற விஷ உலோகம் அடங்கிடும்னு ஒருத்தர் சொல்றார். அங்க எதையும் விளைவிக்கவே கூடாதுன்னு இன்னொருத்தர். விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மண்சோதகர்:
சுண்ணாம்பு வேலை செய்யும், ஆனா எல்லா மண்ணிலயும் இல்ல. மண் புளிப்பா இருந்தா காட்மியம், நிக்கல், துத்தநாகம் எல்லாம் கரைஞ்சு வேருக்குப் போகும். பி.எச்., அதாவது புளிப்பு-கார அளவு, 7-க்குப் பக்கத்துல வந்தா மண்ணோட ஒட்டிக்கும். செம்மண் இயல்பா புளிப்புதான். ஆனா பல வருஷம் சாக்கடைத் தண்ணி பாய்ஞ்ச மண் காரமா மாறியிருக்கலாம். அங்க சுண்ணாம்பு வீண் செலவு. ஆர்சனிக்கும், குரோமியத்துல அதிக விஷமான வடிவமான ஹெக்ஸாவேலன்ட் குரோமியமும் இதுக்கு நேர் எதிர், பி.எச். ஏறினா இன்னும் சுலபமா நகரும். அதனால முதல்ல சோதனை, அப்புறம்தான் மூட்டை.

காவிரிக்கரையான்:
சார், இதெல்லாம் மூடி மறைக்கிற வேலை. உலோகம் மக்கிப் போகாது. இன்னைக்கு சுண்ணாம்பு போட்டுக் கட்டி வெச்சாலும், நாலு வருஷம் அம்மோனியம் சல்பேட் போட்டா மண் மறுபடி புளிச்சு எல்லாம் வெளிய வரும். ஜப்பான்ல ஜின்சு ஆத்துத் தண்ணி பாய்ஞ்ச நெல் வயல்கள் கதை தெரியுமா? கமியோகா சுரங்கத்துக் காட்மியம். எலும்பு முறிஞ்சு ‘இத்தாய் இத்தாய்’, அதாவது ‘வலிக்குது வலிக்குது’ன்னு கதறினதே அந்த நோய்க்குப் பேராச்சு. 1968-ல அரசு காரணத்தை ஒத்துக்கிச்சு. 860 ஹெக்டேருக்கு மேல மண்ணை மாத்தி முடிச்சப்போ 2012. நம்மால அது முடியுமா? விருஷபாவதி அர்க்காவதியில சேருது, அர்க்காவதி சங்கமத்துல காவிரியில சேருது. அதுக்குக் கீழ மேட்டூர். நான் அந்தத் தண்ணியக் குடிக்கிறவன்.

கெங்கேரிவாசி:
மாமாகிட்ட படிச்சுக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே போடுறேன்: “போர் போட்டாலும் நல்ல தண்ணி வரல. கோடையிலயும் நிக்காம வர்றது இந்தத் தண்ணி ஒண்ணுதான். இதுல சத்து இருக்கு, யூரியா செலவு பாதி குறையுது. நிறுத்துன்னு சொல்றவர் குத்தகைப் பணத்தைக் கட்டுவாரா? நாளைக்கு எதை நடணும்னு சொல்லச் சொல்லு.”

மண்சோதகர்:
அவர் கேக்கிறது நியாயம். கீரையை விடச் சொல்லுங்க. பாலக் மாதிரி இலைக்கீரைதான் காட்மியத்தை அதிகமா இழுக்கும். கோடெக்ஸ்ங்கிற சர்வதேச உணவுத் தர அமைப்போட வரம்பு இலைக்கீரைக்கு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம்தான். அவரை, பீன்ஸ், பூசணி, பீர்க்கு எல்லாம் பொதுவா குறைச்சலா ஏத்தும். கத்தரி நடுவுல நிக்கிற பயிர். ஆனா அதுக்கு ஒரு வழி இருக்கு: சுண்டைக்காய் வேர்மேல ஒட்டுக்கட்டின கத்தரி. ஜப்பான்ல காட்மியம் உள்ள வயல்ல சோதிச்சப்போ காயில பாதிக்கு மேல குறைஞ்சுது. சுண்டை வேர் காட்மியத்தைத் தண்டுக்கு ஏறவிடாது. இந்த ஒட்டுக்கன்று நம்ம ஊர்லயும் வாடல் நோய்க்காக விக்கிறாங்க. எனக்கு இதைவிட மலிவான வழி தெரியல.

வாணிஅக்கா:
நான் வாங்கித் தின்கிறவ. நல்லாக் கழுவினா போகாதா?

மண்சோதகர்:
அக்கா, இலைமேல படிஞ்ச மண்ணும் ஈயத் தூசியும் கழுவினா நல்லாவே போகும். வேர் வழியா உள்ள ஏறின காட்மியம் போகாது.

காவிரிக்கரையான்:
சுண்டைக்காய் விஷயம் நான் கேள்விப்படாதது, ஒத்துக்கறேன். ஆனா வாசல்ல தண்ணி வந்துக்கிட்டே இருக்கே! சாப்பாட்டுப் பயிரே வேண்டாம், மல்பெரி வைக்கலாம். ராமநகரம் பட்டுக்கூடு சந்தை பக்கத்துலயே இருக்கு. தீவனப்புல் மட்டும் வேண்டாம், அது மாடு வழியா மறுபடி நம்மகிட்டதான் வரும்.

மண்சோதகர்:
மல்பெரி நல்ல யோசனை, இலையையும் ஒருதரம் சோதிக்கணும். புழுவும் அதைத்தானே தின்னுது. தண்ணி பத்தி நீங்க சொல்றதோட முழுக்க உடன்படறேன். சுண்ணாம்பு போட வேண்டிய சரியான இடம் மாமா வயல் இல்ல, முலாம் பூசுற பட்டறை. அங்க தொட்டியிலயே அமிலமும் சோடியம் மெட்டாபைசல்பைட்டும் சேர்த்து குரோமியத்தை முதல்ல விஷம் குறைஞ்ச வடிவத்துக்கு மாத்தி, அப்புறம் சுண்ணாம்பு விட்டா உலோகம் சேறா அடியில தங்கும். ஒரு டிரம்முல முடியுற வேலையைச் சாக்கடையில கலந்துவிட்டுட்டு, ஆயிரம் ஏக்கர்ல தேடறோம். சுத்திகரிப்பு நிலையம் கட்டினா போதும்னும் நினைக்காதீங்க. உலோகத்துல பெரும்பகுதி அங்க சேத்துலதான் தங்கும். அந்தச் சேத்தை எருன்னு வயலுக்கு ஏத்தினா தண்ணியில தப்பினது லாரியில வந்துசேரும்.

காவிரிக்கரையான்:
இதைத்தான் நான் முதல்லயே கேட்டேன். பட்டறை வாசல்ல நிறுத்துங்க. அதுவரைக்கும் மாமா கீரையை விட்டா எனக்குச் சண்டை இல்ல.

கெங்கேரிவாசி:
இந்தப் போகம் கீரை வேண்டாம்னு மாமா ஒத்துக்கிட்டார். அரை ஏக்கர்ல ஒட்டுக் கத்தரி, மிச்சத்துல பீன்ஸ். மண் மாதிரி எப்படி எடுக்கணும்?

மண்சோதகர்:
வாய்க்கால் மடையில ஒண்ணு, நடு வயல்ல ஒண்ணு, கடைசிப் பாத்தியில ஒண்ணுன்னு தனித்தனியா எடுங்க. மடைப்பக்கம்தான் அதிகமா படியும். 15 செ.மீ. ஆழம். துத்தநாகம் பூசின பக்கெட், துருப்பிடிச்ச மண்வெட்டி கூடாது. மூங்கில் குச்சியும் பிளாஸ்டிக் பையும் போதும். ஆய்வகத்துல உலோகத்தோட மொத்த அளவோட, டி.டி.பி.ஏ.ங்கிற ரசாயனக் கரைசல்ல பிரிச்செடுக்கிற அளவும் கேளுங்க, பயிருக்குக் கிடைக்கிறது எவ்வளவுன்னு அதுதான் காட்டும். பி.எச். கட்டாயம். முடிவு வந்ததும் இங்கயே போடுங்க.