கவலைப்படுவது அவிசுவாசமா? துன்பகாலத்தில் சமாதானம் குறித்து ஒரு கேள்வி

கேட்டவர்: உறங்காதவள்

என் தாயார் 14 மாதங்களாகப் படுக்கையில் இருக்கிறார். அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் என்னுடையது. சிறுவயது முதல் ஜெபித்து வளர்ந்தவள் நான். ஆனால் இப்போது முழங்காலில் நிற்கும்போதெல்லாம் அடுத்த மருந்து வேளையும் அடுத்த செலவும்தான் மனதில் ஓடுகின்றன. சபையில் இதைச் சொன்னால், வேதாகமத்தில் பிலிப்பியர் நிருபம் 4ஆம் அதிகாரத்தின் ‘நீங்கள் ஒன்றுக்குங்கவலைப்படாமல்’ என்ற வசனத்தை எடுத்துக்காட்டி, சமாதானம் இல்லையென்றால் விசுவாசத்தில் ஏதோ குறை இருக்கிறது என்கிறார்கள். ஆறுதலாக வரவேண்டிய வசனம் எனக்குக் குற்றச்சாட்டாகவே வந்து சேர்கிறது. கவலைப்படுவது அவிசுவாசமா? ஆண்டவர் தருவதாகச் சொன்ன சமாதானம் உண்மையில் எப்படிப்பட்டது? அனுபவப்பட்டவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாய் இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற போதகர்

அன்புள்ள சகோதரிக்கு, அந்த வசனத்தை உங்களிடம் சொன்னவர்கள் அதை எழுதியவருடைய நிலைமையையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அப்போஸ்தலனாகிய பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு அந்த நிருபத்தை, அதாவது கடிதத்தை, கட்டுண்ட கைதியாக இருந்து எழுதினார். அதே நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில், தம்மோடிருந்த எப்பாப்பிரோதீத்து மரணத்திற்குச் சமீபமாக வியாதிப்பட்டதையும், தமக்குத் ‘துக்கத்தின்மேல் துக்கம்’ உண்டாகாதபடிக்குத் தேவன் இரங்கியதையும் மறைக்காமல் குறிப்பிடுகிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 11ஆம் அதிகாரத்தில், சபைகளைக் குறித்த கவலை தம்மை நாள்தோறும் நெருக்குவதாகவே ஒத்துக்கொள்கிறார். பிலிப்பியரில் வேண்டாம் என்று சொன்ன கவலைக்கும் தம்மை நெருக்குவதாகச் சொன்ன கவலைக்கும் மூலமொழியான கிரேக்கத்தில் வேர்ச்சொல் ஒன்றுதான். கவலையே அவிசுவாசம் என்றால், முதலில் பவுலைத்தான் விசாரிக்கவேண்டியிருக்கும்.

அடுத்த வசனத்தையும் கவனியுங்கள். தேவசமாதானம் உங்கள் இருதயங்களைக் ‘காத்துக்கொள்ளும்’ என்று நம் வேதாகமத்தில் வாசிக்கிறோம்; மூலத்தில் அது காவற்படை நகரத்தைக் காப்பதற்கு வழங்கும் சொல். ரோமப் படைவீரர்கள் குடியேறிய பட்டணமாகிய பிலிப்பியில் இருந்தவர்களுக்கு அதன் பொருள் சட்டென்று விளங்கியிருக்கும். வாசலில் காவல் நிற்கிறது என்றாலே வெளியே ஆபத்து இன்னும் இருக்கிறது என்றுதானே பொருள்? எனவே கவலை வந்து கதவைத் தட்டுவது சமாதானம் இல்லை என்பதற்கு அடையாளமாகாது. தட்டும் ஒவ்வொரு முறையும் அதை விண்ணப்பமாக்கித் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்பதே அங்கே சொல்லப்பட்டிருப்பது. மருந்து வேளைதான் மனதில் ஓடுகிறதா? அதையே ஜெபமாகச் சொல்லுங்கள். அதைத் தாண்டி வேறு உயர்ந்த ஜெபம் ஒன்றைத் தேட வேண்டாம்.

பதில்: கத்தோலிக்க வாசகர்

போதகர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். திருச்சபை நமக்குக் கொடுத்திருக்கும் செபநூலாகிய திருப்பாடல்களில் (நீங்கள் சங்கீதம் என்பீர்கள்) ஏறக்குறைய மூன்றில் ஒரு பகுதி புலம்பல்களே. அவற்றில் பெரும்பாலானவை புலம்பலில் தொடங்கினாலும் நம்பிக்கையிலோ புகழ்ச்சியிலோ முடிந்துவிடும். 88ஆம் பாடலோ அப்படி முடிவதில்லை. நண்பரையும் தோழரையும் தன்னைவிட்டு விலக்கிவிட்டீர் என்று இறைவனிடமே முறையிட்டு, ஒரு நன்றிச்சொல்கூட இல்லாமல் நின்றுவிடுகிறது. திருச்சபை அதை ஒளித்துவைக்கவில்லை. நாளின் வேளைகளுக்குரிய செபத்தொகுப்பாகிய திருப்புகழ்மாலையில் வெள்ளிக்கிழமைதோறும் இரவுச் செபத்திற்குரிய பாடலாகவே வைத்திருக்கிறது. என் துணைவியார் இறந்த ஆண்டில் என்னால் சொல்ல முடிந்த ஒரே செபம் அதுதான். அமைதி வந்ததா என்று கேட்டால், உடனே வரவில்லை என்பதே உண்மை. ஆனால் நடிக்கவேண்டிய தேவை நீங்கியது. அதன்பின் பல மாதங்கள் கழித்துத்தான் உள்ளம் மெல்ல அடங்கத் தொடங்கியது. 1997இல் மறைந்த அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் நூலாக வந்தபோது, பல்லாண்டுகள் இறைவனின் பிரசன்னத்தை உணராமலேயே அவர் செபித்துவந்தார் என்பதை உலகம் அறிந்தது. உணர்வு வற்றிப்போனதால் உறவும் அற்றுப்போய்விடுவதில்லை.

பதில்: செவிலியர்

மேலே உள்ள இரண்டு பதில்களும் நன்றாக இருக்கின்றன, ஆனாலும் சகோதரியின் பெயரே ‘உறங்காதவள்’ என்றிருப்பதை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இராஜாக்களின் முதலாம் புத்தகம் 19ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசியாகிய எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்கிறார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டு, தூதனை அனுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் போஜனம் கொடுக்கிறார். ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்ற கேள்வியே 40 நாள் நடந்து ஓரேப் மலைக்கு வந்தபின்புதான் வருகிறது. வாரத்தில் இரண்டு இரவுகளாவது தாயாரின் அருகில் வேறொருவர் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். வசனம் சொன்னவர்களிடமே அதைக் கேட்கலாம். உறக்கமின்மையும் மனச்சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

கேட்டவர்: உறங்காதவள்

மூவருக்கும் நன்றி. எலியாவின் வரலாற்றை எத்தனையோ முறை வாசித்திருந்தும் அந்தத் தூக்கத்தை நான் கவனித்ததில்லை. இரவுத்துணை குறித்து நாளை இரண்டு பேரிடம் கேட்கப்போகிறேன். ஒரே ஒரு சந்தேகம் மீதியிருக்கிறது: அந்த வசனத்தில் ‘ஸ்தோத்திரத்தோடே’ என்றும் இருக்கிறதே. தாயாரின் வியாதிக்காக நான் எப்படி ஸ்தோத்திரம் சொல்வேன்?

பதில்: ஓய்வுபெற்ற போதகர்

வியாதிக்காக ஸ்தோத்திரம் சொல்லும்படி அந்த வசனம் கேட்கவில்லை, சகோதரி. விண்ணப்பத்தோடு ஸ்தோத்திரமும் சேர்ந்திருக்கட்டும் என்கிறது. எதற்காக என்பதைப் பவுலின் வழக்கத்தைப் பார்த்தே அறியலாம். அந்த நிருபத்தை அவர் தொடங்குவதே பிலிப்பி சபையாருக்காக ஸ்தோத்திரம் சொல்லித்தான். முடிக்கும் முன்பு, அவர்கள் எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பிய உதவியையும் நினைவுகூருகிறார். சிறைக்காக அவர் நன்றி சொல்லவில்லை, சிறையில் தம்மைத் தேடி வந்தவர்களுக்காகச் சொன்னார். நாளை நீங்கள் கேட்கப்போகும் இருவரில் ஒருவர் சம்மதித்தால், அன்றிரவு அவர் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்திவிட்டு உறங்கப்போங்கள்.